முறுக்கு பத்தாது

சித்த அந்தக் குழாயை இடிக்காம உக்காருங்க. அட, உக்காருங்க, நான் ஒண்ணும் சொல்லலை. குழாயைக் கால் சந்துல வெச்சுக்கறேன். மோட்டாருக்கு வாங்கினதுல மிஞ்சின துண்டுங்க இது. ரெண்டு பக்கமும் மூடி போட்டு வெச்சிருக்கறேன். உள்ளாற வெறும் காகிதம். எதுக்குக் கேக்கறீங்க? கேக்கலையா? பாத்தீங்கல்ல. அப்படிப் பாத்தா கேக்கற மாதிரிதானுங்க.

உக்கடம் வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். ஏனுங்க, நாச்சிமுத்துன்னு யாரையாச்சும் தெரியுமா உங்களுக்கு? கிணத்துக்கடவுக்காரன். பட்டாளத்துல இருந்து வந்தவன். மீசை வெச்சிருப்பான். தெரியாதா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. லேத்துப் பட்டறையா உங்களுக்கு? சிட்கோவுலயா? சரி சரி. லேத்துக்காரருக்கு அவனைத் தெரியோணும்னு இல்லை. தெரிஞ்சிருந்தாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு மாசமா எனக்கு யாரையும் நம்ப முடியறதில்லை.

என்ற பேரு தெய்வசிகாமணிங்க. சமத்தூருக்கு அக்கட்டால தோப்பு. இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கோயமுத்தூர்ல ஒரு விசாரணை. நாந்தான் புகார் குடுத்தவன். அந்த நாச்சிமுத்துவை இன்னைக்குக் கிளப்புல இருந்து தூக்கறாங்க. தூக்கினாங்கன்னா அவன் துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்துரோணும், லைசென்சும் போயிரும். அதுக்கான அத்தாட்சி முச்சூடும் இந்தக் குழாய்க்குள்ளதான் இருக்குது. அதனாலதான் கார்ல போகாம பஸ்ஸுல வந்தேன். கார்ல தனியாப் போனா வழியில மறிச்சா என்ன பண்றது? பஸ்ஸுல நாலு பேரு இருப்பீங்க.

துப்பாக்கின்ன உடனே தள்ளி உக்காந்துட்டீங்களே! என்ற துப்பாக்கி ஊட்டுல பூட்டிக் கெடக்குதுங்க. நாங்கெல்லாம் குறி பாத்துச் சுடறவங்க. வேலந்தாவளம் ரோட்டுல எங்க கிளப்பு மைதானம் இருக்குது. முந்நூறு மீட்டருக்கு அக்கட்டால ஒரு காகிதம் நிக்கும், நடுவுல கறுப்பு வட்டம். இங்க பாயில படுத்துக்கிட்டு அதைச் சுடோணும். அவ்வளவுதான். ஒரு காக்கா குருவிக்குக்கூட தொந்தரவு கெடையாது.

நானும் நாச்சிமுத்துவும் ஒண்ணாங்கிளாசுல இருந்து சேத்திங்க. அவன் பட்டாளத்துக்குப் போயிட்டான், நான் தோப்போட நின்னுட்டேன். பட்டாளத்துல அவனுக்குச் சுடற வேலை இல்லை. துப்பாக்கி ரிப்பேரு பாக்கற வேலை, இருபத்திரண்டு வருசம். திரும்பி வந்தவன்தான் என்னை இந்தக் கிளப்புல சேத்து விட்டான். என்ற மாமனார் பன்னி சுட வெச்சிருந்த பழைய துப்பாக்கி ஒண்ணு எனக்கு வந்துச்சுங்க. அதை எண்ணெய் போட்டுத் துடைச்சு, சரி பண்ணி, 'மாப்ளே, சும்மா கெடக்கறதுக்கு வாடா, ஒட்டுக்காச் சுடலாம்'னு கூப்புட்டுப் போனவனே அவன்தான். அப்பவே எனக்கு ஒரு ரோசனைதான். இவன் எதுக்கு நம்மளைக் கூப்புடறான்னு.

ஏழு வருசத்துக்கு முன்னால எனக்கு நெஞ்சுவலி வந்துச்சுங்க. தோப்புல விழுந்துட்டேன். அவன்தான் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினான். இப்ப உள்ளாற அடைப்புக்கு ஸ்பிரிங்கு வெச்சிருக்குது. நல்லதுதான் பண்ணினான், இல்லைங்கலை. ஆனா அன்னைக்கு என்ற அங்கராக்கைக் கழட்டினப்ப, சட்டைப் பாக்கெட்டுல இருந்ததையெல்லாம் அவன்தான் வாங்கி வெச்சிருந்தான். ரெண்டு நாளு அவன்கிட்டயே இருந்துச்சு. எதைப் பாத்தானோ, எதைப் படிச்சானோ.

ஆச்சிப்பட்டி வந்துருச்சா? பின்னால சீட்டுல கறுப்பு சட்டை ஒருத்தரு செல்போனைக் காதுல வெச்சிருக்காரு பாருங்க. பேசவே காணோம். திரும்பிப் பாக்காதீங்க.

விசயத்துக்கு வர்றேன். வருசா வருசம் ஆடி மாசம் எங்க கிளப்புல ஒரு போட்டி வெப்பாங்க. எதுக்கு ஆடில வெக்கறாங்கன்னா, அப்பத்தான் பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து காத்து வந்து அடிக்கும். உங்களுக்கே தெரியும், தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கமா வாரிவிட்ட மாதிரி நிக்கும். அந்தக் காத்துல முந்நூறு மீட்டர் தள்ளிச் சுடறவன்தான் சுடறவன்னு வெச்சிருக்காங்க.

தோட்டாவுல வெடிச்சுப் பறக்குதில்லீங்களா மூக்குத் துண்டு, அதைத்தான் குண்டுங்கறோம். அதுல லேசும் உண்டு, கனமும் உண்டு. சுத்தளவு ஒண்ணுதான், நீளந்தான் எச்சு கம்மி. லேசான குண்டு சின்னது, வேகமாப் போகும். ஆனா காத்து தள்ளிரும். கனமானது நீட்டா இருக்கும், சித்த மெதுவு. ஆனா காத்துக்கு அவ்வளவா அசையாது. குரும்பையை வீசறதுக்கும் முத்தின காயை வீசறதுக்கும் உள்ள வித்தியாசந்தான். அப்ப ஆடிக் காத்துல எது போடோணும்? நீங்களே சொல்லுங்க. கனந்தானே? சுடத் தெரியாத உங்களுக்கே தெரியுது.

நாச்சிமுத்து கனந்தான் போடுவான். மூணு வருசம் சேந்தாப்புல அவன்தான் மொதல்ல. மூணு வருசமும் நான் ரெண்டாவது. நான் லேசு. என்னை லேசு போடச் சொன்னது யாரு? அவன்தான்! அவன் கனம் போடுவானாம், நான் லேசு போடோணுமாம். எங்கயாச்சும் நடக்குமுங்களா இந்த அநியாயம்?

போன வருசம் வைகாசில மைதானத்துக்குப் பக்கத்துல டீக்கடையில வெச்சுக் கேட்டே போட்டேன். 'ஏண்டா மாப்ளே, நானும் கனம் போட்டா என்னடா'ன்னு. பாக்கெட்டுல இருந்து ரெண்டு குண்டை எடுத்து மேசை மேல வெச்சான். மருந்தெல்லாம் இல்லாத வெறும் குண்டு. ஒண்ணு சின்னது, ஒண்ணு நீட்டு. சின்னதை என்ற பக்கம் தள்ளினான். 'இது உனக்கு. அது எனக்கு. உன்றதுக்கு முறுக்கு பத்தாது மாப்ளே'ன்னான்.

கேட்டீங்களா? உன்றதுக்கு முறுக்கு பத்தாது! பத்துப் பேரு டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கடைக்காரன் டீயாத்தறதை நிறுத்திட்டுச் சிரிக்கறான். அறுபத்தொரு வயசு எனக்கு. நெஞ்சுல ஸ்பிரிங்கு வெச்சவன். என்றதுக்குன்னா எதுக்குங்க? உடம்புல தெம்பில்லை, நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு நாலு பேரு முன்னால கேக்கறான். சிரிக்காதீங்க. நீங்களும் சிரிக்கறீங்க பாருங்க.

டீயை வெச்சுட்டு எந்திரிச்சேன். ஆனா எந்திரிக்கறப்ப அந்த நீட்டுக் குண்டை எடுத்து அங்கராக்குப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அவன் கவனிக்கலை. கவனிச்சுட்டு கவனிக்காத மாதிரி இருந்தானோ என்னமோ. இந்தா பாருங்க, இதுதான் அது. எப்பவும் என்கிட்டதான் இருக்கும். சுண்டுவிரல்ல ஒரு கணுவுக்கு மேல நீளம் இருக்குதா?

அதுக்கப்புறம் அவனைக் கண்காணிக்க ஆரம்பிச்சேன். நான் போனா தோட்டாப் பொட்டியை மூடுவான். தூசி அடிக்குதுன்னு சொல்லுவான். நான் போற வரைக்கும் அடிக்காத தூசி நான் போன உடனே அடிக்குமா? என்ற துப்பாக்கியை வாங்கி, குழாய்க்குள்ள கண்ணை வெச்சுப் பாப்பான். ஒரு குச்சியை உள்ள விட்டு மெதுவா இழுத்து, அது எத்தனை சுத்துச் சுத்துதுன்னு பாப்பான். 'அதேதான்டா'ன்னு தலையை ஆட்டுவான். என்னத்தை அதேதான்?

துப்பாக்கிக் குழாய்க்குள்ள என்ன இருக்குமா? சுத்திச் சுத்திப் புரி போட்டிருக்குமுங்க. குண்டு சுத்திக்கிட்டே போகோணும்னு. உங்க பட்டறையில மரைன்னு சொல்லுவீங்களா? நாங்க புரிங்கறோம். பட்டாளத்துல என்னமோ இங்கிலீசுல சொல்லுவாங்க, எனக்கென்ன தெரியும். கதையைக் கேளுங்க, குறுக்க பேசாதீங்க.

நான் கோயமுத்தூர் போயி, யாருக்கும் தெரியாம கனமான தோட்டா ஒரு பெட்டி வாங்கினேன். லைசென்சைப் பாத்துட்டு கடைக்காரரு ரெண்டு தடவை கேக்கறாரு. 'உங்க துப்பாக்கிக்கா வாங்கறீங்க? அது பழசாச்சேங்க'ங்கறாரு. 'நாச்சிமுத்து சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா'ங்கறாரு. பாத்தீங்களா, பாத்தீங்களா! கோயமுத்தூர் வரைக்கும் அவன் கை நீண்டிருக்குது. 'நீங்க குடுங்க, நான் பாத்துக்கறேன்'னு வாங்கிட்டு வந்துட்டேன்.

சுட்டுப் பாத்தீங்களான்னு கேக்கறீங்களா? இல்லீங்க. எப்படிப் பாக்கறது? மைதானத்துல சுட்டா அவனுக்குத் தெரிஞ்சிரும். தோப்புல சுட்டா போலீசு வரும். பெட்டியை அப்படியே பீரோவுல, என்ற ஊட்டுக்காரி சேலைக்கு அடியில வெச்சிருந்தேன். நேராப் போட்டியன்னைக்குத்தான் வெளிய எடுத்தேன்.

கோவில்பாளையம் தாண்டியாச்சா? ஏனுங்க, இந்த வண்டி கிணத்துக்கடவுல பாலத்து மேலதானே போகும்? கண்டக்டர்கிட்ட ஏறறப்பவே கேட்டேன். மேலதான் போகும்னாரு. கீழ போனா ஊருக்குள்ள நிக்கும், அவன் ஊரு அது, நமக்கு ஆகாது.

போட்டியன்னைக்குக் காத்துன்னா காத்து. மைதானத்துல நட்டு வெச்ச கொடியெல்லாம் விறைச்சு நிக்குது. எனக்கு அடுத்த பாயில நாச்சிமுத்து. நான் தோட்டாவை எடுத்து உள்ள போடறேன், அவன் கண்ணு இங்கதான் இருக்குது. பாயை விட்டு எந்திரிச்சே வந்துட்டான். 'மாப்ளே, வேண்டாம்டா. இது உன்றதுக்கு ஆகாது. முறுக்கு பத்தாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல. போறப்பவே படுத்துக்கும்டா'ங்கறான்.

படுத்துக்குமாம்! நெஞ்சுவலில படுத்து எந்திரிச்சவன்கிட்ட, போட்டி நேரத்துல, படுத்துக்கும்னு சொல்றான். வாயில நல்ல வார்த்தை வருதா பாருங்க. என்ற மனசைக் கலைக்கறதுக்குத்தானே? 'போயி உன்ற பாயில படுடா'ன்னேன். போனான். போயிட்டுத் திரும்பித் திரும்பிப் பாத்தான்.

பத்துத் தோட்டா சுட்டேன். நல்லாத்தான் சுட்டேன். மூச்சைப் புடிச்சு, காத்து சித்த அடங்கறப்ப பாத்து, பத்தும் பதவிசாச் சுட்டேன். எனக்குள்ள ஒரு தைரியம் வந்துருச்சு. இந்த வருசம் நாமதான்னு.

இப்ப மாராத்தாளைப் பத்திச் சொல்லோணும். காகிதம் நிக்கற எடத்துக்கு அடியில ஒரு பள்ளம் இருக்கும். அதுக்குள்ள உக்காந்து காகிதத்தை ஏத்தறது, எறக்குறது, ஓட்டைக்குத் துண்டு ஒட்டறது, அதுக்கெல்லாம் மாராத்தாளைத்தான் வெச்சிருந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். பக்கத்துலதான் குடியிருக்கறா. ஒட்டற துண்டை அறுக்க எப்பவும் கையில ஒரு பிளேடு வெச்சிருப்பா. அந்தப் பிளேடை ஞாபகம் வெச்சுக்குங்க.

அவ என்ற காகிதத்தை எடுத்துக்கிட்டு வர்றா. மொகம் ஒரு மாதிரி இருக்குது. 'ஏனுங்க சாமி, ஓட்டையெல்லாம் நீட்டு நீட்டா இருக்குதுங்க'ங்கறா. வாங்கிப் பாத்தா பத்துல ஆறுதான் காகிதத்துல இருக்குது. ஆறும் ஆளுக்கொரு மூலையில கெடக்குது. அதுவும் வட்டமா இல்லீங்க, கிழிச்சு விட்ட மாதிரி நீளமா. குண்டு போனா அப்படியா ஓட்டை விழுகும்? வட்டமாத்தானே விழுகும்? பதினோரு வருசமாச் சுடறேன், ஒரு தடவை இப்படிப் பாத்ததில்லை. அந்தப் பக்கம் நாச்சிமுத்து காகிதம் வருது. பத்தும் கறுப்புக்குள்ள, பொட்டு வெச்சாப்புல வட்டம் வட்டமா.

எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. பள்ளத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு பிளேடுல கீறி விட்டிருக்கறா. நல்லா விழுந்த நாலு ஓட்டையை ஒட்டி மறைச்சுட்டா. அவளுக்கு என்ற மேல என்ன பகை? ஒண்ணும் இல்லை. அப்ப சொல்லிக் குடுத்தவன் ஒருத்தன் இருக்கோணுமா இல்லையா?

கத்தினேன். இல்லைங்கலை, மைதானமே திரும்பிப் பாக்கறாப்புல கத்தினேன். அந்தப் பொம்பளை அழுகறா. 'கொழந்தைக மேல சத்தியமுங்க, நான் தொடலைங்க'ங்கறா. சத்தியம் பண்ணினா போதுமா? நாச்சிமுத்து ஓடி வந்து நடுவுல நிக்கறான். 'அந்தம்மாளை ஒண்ணுஞ் சொல்லாத. எதா இருந்தாலும் என்னையப் பேசு'ங்கறான். என்னையப் பேசுங்கறான்! குத்தவாளி தானா வந்து நிக்கறான் பாருங்க. இதைவிட வேற அத்தாட்சி வேணுமா?

அதுக்கப்புறம் மூணு தடவை ஊட்டுக்கு வந்தான். என்ற ஊட்டுக்காரிகிட்ட 'அவரு இல்லை'ன்னு சொல்லச் சொல்லிட்டு உள்ளாற உக்காந்துருந்தேன். ஜன்னல் வழியா என்ற செருப்பைப் பாத்துட்டான். வாசல்ல அரை மணி நேரம் நின்னுட்டுப் போனான். போன் போட்டா எடுக்கறதில்லை. கிளப்புல இன்னும் ரெண்டு பேரு வந்து, 'அண்ணா, முறுக்கு பத்தலைங்கண்ணா, அதான்'ங்கறாங்க. எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்கன்னா சொல்லி வெச்சுத்தானே சொல்றாங்க? அவங்களை வாசலோட அனுப்பிட்டேன்.

கிளப்பு செக்ரட்டரிக்கு நாலு பக்கம் புகார் எழுதினேன். அவரு மில்லுக்காரரு, கைத்துப்பாக்கி மட்டுந்தான் சுடுவாரு. நம்ம சமாச்சாரம் அவருக்கு அத்துப்படி இல்லை. 'சிகாமணி, இதைப் பெருசு பண்ணோணுமா'ன்னாரு. 'பண்ணலைன்னா நான் கலெக்டர்கிட்ட போவேன்'னேன். அப்புறந்தான் மாராத்தாளை நிறுத்தினாங்க. இப்ப எதோ நார் மில்லுல மட்டை தூசிக்குள்ள நிக்கறாளாம். இருமலாம். நான் என்னங்க பண்றது? பண்ணறப்ப ரோசனை பண்ணியிருக்கோணும்.

போன வாரம் நாச்சிமுத்துவும் எழுதிக் குடுத்துட்டான். அதுல ஒரு நகல் எனக்கு அனுப்பியிருக்காங்க. மனப்பாடம் எனக்கு. 'சிகாமணிகிட்ட முறுக்கு பத்தாதுன்னு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்குப் புரியற மாதிரி உக்கார வெச்சுச் சொல்லியிருக்கோணும். தப்பு என்னோடது. என்னை எடுத்துருங்க. மாராத்தாளுக்கு இதுல சம்பந்தம் இல்லை, அந்தம்மாளைத் திரும்ப வேலையில சேத்துக்குங்க.' அவ்வளவுதான். ஒத்துக்கிட்டான் பாத்தீங்களா? தப்பு என்னோடதுன்னு அவன் கையாலயே எழுதியிருக்கறான். அதுலயும் திமிரு போகலை. ஆபீசுக்குக் குடுக்கற காகிதத்துலகூட முறுக்கு பத்தாதுன்னு எழுதறான். இன்னைக்கு நான் போயி குழாய்க்குள்ள இருக்கற அந்தச் சுட்ட காகிதத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டேன்னா முடிஞ்சுது.

பாக்கறீங்களா? சரி, பாருங்க. மூடியைத் திருகிக் கழட்டுங்க. மெதுவா. ஓரத்தைப் புடிங்க, கிழிஞ்சிரப் போகுது. பாத்தீங்களா? ஆறு ஓட்டை. நீட்டு நீட்டா. பிளேடுல கீறினது இல்லாம வேற என்னங்க இது?

என்னுங்க? ரெண்டு முனையும் ஒரே மாதிரி இல்லையா? ஒரு பக்கம் கூரா, ஒரு பக்கம் மழுங்கலா... ஆமா, அதுக்கென்ன? பிளேடு அப்படி இழுத்திருக்கும். ஓரத்துல சாம்பலாட்டம் கறை எப்படி வந்துச்சுங்கறீங்களா? ஈயக் கறையாட்டம் இருக்குதா? அவ கையி அழுக்குங்க. லேத்துக்காரரில்ல, உங்களுக்குக் கறையைப் பாத்தா சும்மா இருக்க முடியாது.

சரி, இருங்க. உங்களுக்கு நான் நிரூபிச்சே காட்டறேன். இந்தக் குண்டைப் பாருங்க. மூக்கு இத்தனூண்டு. நேராப் போனா இத்தனூண்டு வட்டந்தான் விழுகோணும். இந்த நீட்டு ஓட்டைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எப்படி வெச்சாலும் சேராது. நட்டக்க வெச்சாச் சேருதா? சேராது. படுக்கப் போட்டாலும் பாருங்க...

அந்த ஓரத்தைப் புடிங்க. வண்டி ஆடுது.

இன்னொருக்கா வெக்கறேன்.

இந்த ஓட்டைக்கு வெச்சுப் பாக்கறேன். இருங்க, பேசாதீங்க. கூரு கூரோட சேருது. மழுங்கல் மழுங்கலோட சேருது. இதுக்கும். இதுக்கும்.

நீங்க யாருங்க? நெசமாச் சொல்லுங்க. லேத்துப் பட்டறைங்கறீங்க, இந்தச் சீட்டுல வந்து உக்காருறீங்க, கறை இருக்குதுங்கறீங்க. உங்களை யாரு அனுப்பினது? அவன்தானே? எனக்கு முன்னாலயே ஏறி உக்காந்திருந்தீங்களா நீங்க? இல்லையா? நான் மொதல்ல உக்காந்தேனா? ஆமா. நாந்தான் மொதல்ல உக்காந்தேன். குழாயை இடிக்காதீங்கன்னு நாந்தான் சொன்னேன்.

படுத்துக்கும்னுதான் சொன்னான். போறப்பவே படுத்துக்கும்டான்னான். குண்டைச் சொல்லியிருக்கறான்.

ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். உங்க தொழில்ல தெரிஞ்சிருக்கும். குழாய்க்குள்ள இந்தப் புரி நெருக்கமா இருந்தா குண்டு எச்சாச் சுத்தும், அகலமா இருந்தாக் கம்மியாச் சுத்தும், இல்லீங்களா? நீட்டுக் குண்டுக்கு எச்சாச் சுத்து வேணும்ங்கறீங்களா? பம்பரமாட்டமா? சுத்து பத்தலைன்னா தலை சாஞ்சிரும். சாஞ்சு, குறுக்கால படுத்துக்கிட்டுப் போயிக் காகிதத்துல விழுகும். பழைய துப்பாக்கியில புரி அகலம். சின்னக் குண்டுக்குத்தான் அது ஆகும். அதுக்குத்தான் குச்சி விட்டு எண்ணினானா?

இந்தச் சுத்துக்குப் பட்டாளத்துல இங்கிலீசுல என்னமோ ஒரு பேரு இருக்கும். அதைத் தமிழ்ல சொல்லோணும்னா அந்தப் பாவி என்னன்னு சொல்லுவான்? கயித்தைத் திரிச்சா என்னன்னு சொல்லுவோம்? முறுக்குன்னுதானுங்களே சொல்லுவோம். உன்றதுக்கு... அட என்ற சாமி. என்ற துப்பாக்கிக்குச் சொன்னானா அவன்? டீக்கடையில, அத்தனை பேரு முன்னால, துப்பாக்கியையா சொன்னான்?

ஏன்டா துப்பாக்கிக்குன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லக் கூடாதா உனக்கு? அதென்ன, உன்றதுக்கு?

ஆறு மாசங்க. அந்தப் பொம்பளை கொழந்தைக மேல சத்தியம் பண்ணினா. நான் அந்தப் பிளேடைப் புடுங்கித் தூர வீசினேன். அவ அதைத் தேடி எடுத்துக்கிட்டுத்தான் போனா. எனக்கு நெஞ்சு அடைக்குது. இல்லை இல்லை, பயப்படாதீங்க, அந்த அடைப்பு இல்லை. தண்ணி இருந்தாக் குடுங்க.

மணி என்ன? பத்தா? விசாரணைக்கு இன்னும் நேரம் இருக்குது. நான் போகலைன்னா என்ன ஆகும்? போகாட்டியும் அவன் எழுதிக் குடுத்தது இருக்குதே. தப்பு என்னோடதுன்னு. அதை வெச்சே தூக்கிருவாங்க. நான் போனாத்தான் நிக்கும். போயி என்னன்னு சொல்றது? நாலு பக்கம் எழுதினவன் நானு.

அய்யோ, என்னுங்க இது, வண்டி கீழ எறங்குது! பாலத்து மேல போகும்னு சொன்னாரே! கண்டக்டர், ஏனுங்க கண்டக்டர்! எல்லாரும் கூட்டுங்க இவங்க. இருங்க, இருங்க. அந்தா நிக்கறான் பாருங்க. வெள்ளை அங்கராக்கு, மீசை. அவன்தான். எளைச்சுட்டானே. பக்கத்துல சேலையை இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கறது மாராத்தா. அவளை வேலைக்குச் சேத்து விடறதுக்குக் கையோட கூட்டிட்டுப் போறான். அவனைத் தூக்கற எடத்துக்கு.

நான் தூங்கறேன். கேட்டாத் தூங்கறாருன்னு சொல்லுங்க. துண்டை மூஞ்சில போட்டுக்கறேன். காகிதத்தைச் சுருட்டி உள்ள வெச்சு மூடுங்க.

ஏறிட்டாங்களா? எங்க நிக்கறாங்க? நமக்கு முன்னாலயா, பின்னாலயா? என்னையப் பாத்துட்டானா? பாத்துட்டு அக்கட்டால திரும்பிக்கிட்டானா? என்ற செருப்பைப் பாத்திருப்பான். அவனுக்குத் தெரியும்.

இருமறது யாரு? அவளா? உக்கார எடம் இல்லையா அவளுக்கு? கம்பியைப் புடிச்சுக்கிட்டா நிக்கறா?

சித்த காலை ஒதுக்குங்க. நீங்க இல்லீங்க, நீங்க உக்காருங்க, நாந்தான் எந்திரிக்கோணும். வழி விடுங்க. மாராத்தா! ஏ அம்மிணி, இங்க வா. அட வா, பயப்படாத. இனி கத்த மாட்டேன். இங்க வந்து உக்காரு. நான் நிக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது, நீ உக்காரு. தப்புப் பண்ணிட்டேன் அம்மிணி. நீ தொடலை. இந்தா, இந்தக் குழாயைக் கால் சந்துல வெச்சுக்க. யாரும் இடிக்காமப் பாத்துக்க. இனி அது உன்றது. ஆபீசுல உன்ற கையாலயே எடுத்துக் குடு. இந்தக் குண்டையும் வெச்சுக்க. ஓட்டை மேல படுக்கப் போட்டுப் பாருங்கன்னு சொல்லு. நீ சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்.

என்ன மாப்ளே அப்படிப் பாக்கறே? துப்பாக்கிக்குத்தான்டா முறுக்கு பத்தலை. எனக்கு நெம்ப எச்சாவே இருந்துருக்குது.